ஆட்டம் எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டில் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டால் முதலில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. "யார் செய்தது?" பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தாலும் சரி, பையன் பரீட்சையில் தவறினாலும் சரி, நிச்சயமான கல்யாணம் நின்றுபோனாலும் சரி, இந்தக் கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது. பதில் கிடைத்தவுடன் வீட்டிலுள்ளவர்களுக்கு ஒருவகை நிம்மதியும் உண்டாகிறது. அகப்பட்டுக்கொண்ட ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "எங்கே தவறியது?" இது சாதுவான கேள்வி. இதைக் குரலை உயர்த்திக் கேட்க முடியாது. கேட்டவர் குனிந்து பார்க்க வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும். சில சமயம் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பதில் கிடைத்த பிறகும் எல்லோருக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் இருக்கும். ஆகையினால் இந்தக் கேள்விக்கு வீடுகளில் அதிக வரவேற்பு இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் முதல் கேள்விக்கு மிகவும் கடமைப்பட்டவன். யார் என்ற கேள்வி இல்லாவிட்டால் தொடர்கதை ஏது? ஒரு குடும்பம் சிதைகிறது என்று எழுதினால், அதைச் சிதைத்தவர் இன்னார் என்று அடுத்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். கதைக்கு அது பொருந்தும். வாழ்க்கைக்குப் பொருந்துமா? இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்பது என்பது வெறும் சௌகரியத்தைப் பொறுத்த விஷயமா, அல்லது அறத்தைச் சேர்ந்த விஷயமா? சில வருஷங்களாக என் மனத்தில் கிடக்கும் இந்தச் சந்தேகத்தை விளக்க நான் எடுத்துக்கொள்ளப் போகும் உதாரணம், ஸ்டீயரிங் சரியில்லாத ஒரு பழைய மோட்டார் வண்டி. நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படித்தால் போதும்.

அமெரிக்காவில் ஜீப் செரோக்கி என்று ஒரு வண்டி உண்டு. 1984 மாடலாக வந்து 2001 வரையில் அங்கே விற்பனையான ஒரு வடிவத்தை, அதன் பக்தர்கள் 'எக்ஸ்ஜே' என்ற தொழிற்சாலைக் குறியீட்டால் இன்றும் அன்புடன் அழைக்கிறார்கள். ஓஹையோ மாநிலத்தில் டோலிடோ நகரத்தில் செய்யப்பட்ட வண்டி. பெட்டி போன்ற உடல். அதிகச் சிக்கலில்லாத எஞ்சின். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலின் இரு முனைகளில் பூட்டப்பட்டிருக்கும். நம் ஊர்களில் ஓடிய பழைய மகிந்திரா ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. 1941-இல் யுத்தத்துக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப் என்ற ஒரே மூதாதையின் வழிவந்தவைதாம் இரண்டும்.

இந்த வண்டியை வாங்குகிறவர்களில் பலருக்கு அது பிறந்த உயரம் போதுவதில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒன்று இருக்கிறது. பாதை என்று சொன்னால் பாதைகள் கோபித்துக்கொள்ளும். உரல் அளவும் அம்மி அளவும் அதைவிடப் பெரிதுமாகப் பாறைகள் கிடக்கிற மலைச்சரிவு அது. 1953 முதல் ஜீப்காரர்கள் அங்கே கூட்டமாகப் போய்வருகிறார்கள். யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊரிலும் 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் இதே திருவிழா நடக்கிறது. வயிற்றில் பாறை இடிக்காமல் போக வேண்டுமானால் வண்டி உயர வேண்டும். ஆகவே நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி உடலைத் தூக்குகிறார்கள். பெரிய டயர்களை மாட்டுகிறார்கள். மூன்று அங்குலம் உயர்த்தி, சுமார் 28 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குல டயர் போடுவது செரோக்கிக்காரர்களிடையே மிகச் சாதாரணமான வழக்கம்.

இதனால் என்ன நேர்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் நீண்டதும் ஆக்சிலுக்கும் உடலுக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடிவிட்டது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தண்டுகள் பழைய நீளத்திலேயே இருக்கின்றன. நீளமும் முடியாது, விட்டுவிடவும் முடியாது என்றால் ஒரு தண்டு என்ன செய்யும்? சாய்ந்துகொள்ளும். ஒவ்வொரு தண்டும் அதனதன் திசையில் சாய்கிறது.

சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையைப் பாருங்கள். அது செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை ஓட்டுகிறவரை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். சக்கரம் தானாக நேர்வழிக்குத் திரும்புவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். மோட்டார் வண்டிக்கும் இத்தகைய சாய்வு உண்டு. 'காஸ்டர்' என்று சொல்வார்கள். செரோக்கியில் அது ஏறக்குறைய 7 பாகை. உடலைத் தூக்கியதும், கீழே ஆக்சிலைப் பிடித்திருக்கும் குட்டையான கைகள் சாய்ந்து ஆக்சிலைச் சிறிது சுழற்றிவிடுகின்றன, காஸ்டர் குறைகிறது. நேர்வழிக்குத் திரும்ப வேண்டும் என்ற சுபாவம் சக்கரத்தில் மங்கிவிடுகிறது.

ஆக்சில் இடமும் வலமும் நழுவாதபடி குறுக்கே ஒரு தண்டு பிடித்திருக்கிறது. அதற்கு 'டிராக் பார்' என்று பெயர். அதன் ஒரு முனை ஓட்டுகிறவர் பக்கத்தில் சட்டத்தோடும், மறுமுனை எதிர்ப்பக்கத்தில் ஆக்சிலோடும் பூட்டியிருக்கும். உயரம் கூடினால் இது செங்குத்தாகச் சாய்கிறது; சாய்கிற வேகத்தில் ஆக்சிலை ஓட்டுகிறவர் பக்கமாக அரை அங்குலம் போல இழுத்துக்கொள்கிறது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் 'டிராக் லிங்க்' என்ற தண்டும் இதே போலச் சாய்கிறது. இந்த இரண்டு தண்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் வரையில் குற்றமில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டும் ஒரே வளைவில் ஆடிக்கொள்ளும். டிராக் லிங்க்கை மட்டும் தாழ்த்திச் சரிசெய்துவிட்டு டிராக் பாரை அப்படியே விட்டுவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம் புதிய நோயாக முடிகிறது.

ஆக, வண்டியின் பழைய உறுப்புகளில் ஒன்றுகூட கெடவில்லை. அவற்றுக்கிடையே இருந்த உறவுகள் எல்லாம் மாறிவிட்டன. வசதி உயர்ந்த குடும்பங்களில் இதை நாம் பார்த்ததில்லையா? பெரிய வீடு வந்துவிட்டது. அண்ணன் அதே அண்ணன்தான். தம்பி அதே தம்பிதான். ஒருவரை ஒருவர் பிடித்திருந்த கோணம் மட்டும் மாறிப்போயிற்று. அதைக் கவனித்து அளவு பார்த்துத் திருப்பிப் பூட்டுவார் இல்லாததால், ஒரு சின்ன மேட்டில் எல்லாம் ஆடத் தொடங்குகிறது.

முன்சக்கரங்களின் நடுக்கம் இன்று வந்த வியாதியும் அல்ல. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயர்கள் வழக்கத்துக்கு வந்தன. பயணம் மெத்தென்று ஆயிற்று. அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கத் தொடங்கினார்கள். வண்டி சீக்கிரம் நின்றது. இரண்டும் தனித்தனியே நன்மைகள். ஆனால் மெத்தென்ற டயரும், கனத்துப்போன முன்சக்கரங்களும், இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை ஆக்சிலும் ஒன்றுகூடியபோது முன்பக்கம் நடுங்கியது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சில் முழுவதும் சாய்கிறது. சுழலுகிற சக்கரம் பம்பரத்தைப் போன்றது. அதைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்புகிறது. மாரிஸ் ஆலி போன்ற எஞ்சினியர்கள் இதை ஆராய்ந்தார்கள். 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம். காட்டு வழியில் போகும் வண்டிகளோ வலிமையை எண்ணி ஒற்றை ஆக்சிலை விடவில்லை. ஆகவே பழைய வியாதியின் வித்தும் அவற்றோடு தங்கிவிட்டது.

சரி, நோய் எப்படித் தெரியவரும்? "ஸ்டீயரிங் சரியில்லை" என்று வண்டிக்காரர் சொல்லுவார். "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற பேச்சு அது. நேர்சாலையில் வண்டி அங்குமிங்கும் அலைந்து, ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் காஸ்டர் குறைவை முதலில் சந்தேகிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கையை இழுக்கிறதா? இரண்டு தண்டுகளின் கோணத்தைப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் தொல்லைகள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது ஆபத்து. மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, பாலத்தின் இணைப்பிலோ ஒரு சின்னக் குழியிலோ சக்கரம் தட்டும். உடனே முன்சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்தாற்போல் இடமும் வலமும் உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. வேகத்தை நன்றாகக் குறைத்தாலொழிய ஓயாது. அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'மரண ஆட்டம்' என்றாகும்.

2018-ஆம் ஆண்டுக் கோடையில் கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு வெளியே என் தமக்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம். அவர்களிடம் 1998-ஆம் வருஷத்துச் செரோக்கி ஒன்று இருந்தது. மகன் பிறந்த வருஷத்தில் தகப்பனார் வாங்கியது. ஆகவே மகனுக்கும் வண்டிக்கும் ஒரே வயது. பல வருஷம் ஓட்டிவிட்டு அதை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் தன் கையாலேயே மூன்று அங்குலம் உயர்த்திப் பெரிய டயர்களைப் போட்டான். மலையை நோக்கிப் போகும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒருநாள் அந்த ஆட்டம் வந்துவிட்டது. பின் ஆசனத்தில் அவனுடைய தங்கை இருந்தாள். எப்படியோ ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அன்று மாலை வேலிக்கு அந்தப் புறம் நடந்த வாக்குவாதம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "இருபது வருஷம் நான் ஓட்டினேன், ஒருநாள் ஆடியதில்லை. நீ தூக்கினாய், ஆடுகிறது" என்பது தகப்பனார் கட்சி. "இருபது வருஷம் நீங்கள் அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. தேய்ந்துபோனதை என் தலையில் கட்டினீர்கள்" என்பது மகன் கட்சி. வண்டி மறந்துபோய்விட்டது. பழைய வருஷங்களின் கணக்குகள் எல்லாம் வெளியே வந்தன. இந்த இடத்தில் நான் ஒரு நாவலாசிரியனாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்? முதல் அத்தியாயத்துக்கு வேண்டிய சரக்கு அங்கே இருந்தது. முடிவில் அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து, காரணம் தெரிகிற வரையில் இரண்டு பேரும் அந்த வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் யார் பக்கமும் பேசவில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

மகன் ஏற்கெனவே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தான். ஸ்டீயரிங் தண்டில் ஷாக் அப்சார்பர் போல ஒன்று படுக்கை வசத்தில் பூட்டியிருக்கும், 'டேம்பர்' என்பார்கள். வண்டி முன்பே லேசாக உதறியபோது, அதைக் கழற்றிவிட்டு இன்னும் முறுக்கான புது டேம்பர் ஒன்றைப் போட்டான். உதறல் நின்றுவிட்டது. நோய் நீங்கிற்று என்று எண்ணினான். உண்மையில் நோய்க்கு வாயைக் கட்டிவிட்டான். அடியில் தளர்ந்திருந்தது தளர்ந்தபடியே இருந்து மேலும் தளர்ந்தது. டேம்பரால் தாங்க முடியாத அளவு வந்த அன்று மொத்தமாக வெளிப்பட்டது. டேம்பர் கெட்ட பொருள் அல்ல. ஆரோக்கியமான வண்டிக்கு அது தேவையான உறுப்பு. காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக அதைப் போடும்போதுதான் அது பொய்யாகிறது. நம் வீடுகளில் எத்தனை டேம்பர்கள் இருக்கின்றன! "வாயை மூடு, அக்கம்பக்கத்தில் கேட்கும்" என்பது அவற்றில் ஒன்று.

மறுநாள் சோதனை நடந்தது. எளிய சோதனைதான். ஆனால் ஒருவரால் முடியாது; இரண்டு பேர் வேண்டும். வண்டி தன் கனத்தோடு தரையில் நிற்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். முழுவதும் திருப்பக் கூடாது. சக்கரம் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுதான். மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். தகப்பனார் ஆசனத்தில் உட்கார்ந்தார். மகன் கீழே போனான். விளக்கைப் பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

ஆசனத்தில் இருப்பவருக்கு ஆட்டம் தெரியும், இடம் தெரியாது. அடியில் இருப்பவருக்கு இடம் தெரியும். ஆனால் மேலே இருப்பவர் அசைக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங் பெட்டி சட்டத்தில் அழுத்தமாக நிற்கிறதா என்று பார்த்தான். பழைய செரோக்கிகளில் அந்த இடத்தில் இரும்பு விரிசல் விடுவது உண்டு. விரிசல் இல்லை. டிராக் லிங்க் முனை, டை ராடு முனைகள், ஒவ்வொன்றாக வந்தான். "இன்னும் மெதுவாக, அப்பா" என்றான். அவர் மெதுவாக அசைத்தார். "தெரிகிறதா?" என்று கேட்டார். "கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிகிறது" என்று பதில் வந்தது. டிராக் பார் ஆக்சிலோடு சேரும் முனையில் விரலை வைத்திருந்தான். ஒவ்வொரு அசைவுக்கும் அங்கே 'டிக்' என்று ஒரு நகர்வு.

அதோடு விட்டுவிடவில்லை. ஒரு குற்றம் அகப்பட்டால் மற்றக் குற்றங்கள் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா? ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து எழுப்பினார்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்; சிறிது ஆட்டம் இருந்தது. அது பேரிங்கின் ஆட்டமா, பால் ஜாயிண்ட்டின் ஆட்டமா? இதைப் பிரித்தறிய ஓர் அழகான உபாயம் உண்டு. தகப்பனாரைப் பிரேக்கை அழுத்தச் சொன்னான். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்டில். ஆட்டம் நின்றது. சந்தேகத்தின் பேரில் பால் ஜாயிண்ட்டை மாற்றியிருந்தால், நிரபராதி தண்டனை பெற்றிருப்பான், பேரிங் தப்பித்திருக்கும். மனிதர்களை விசாரிப்பதற்கும் இப்படி ஒரு பிரேக் இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு டிராக் பாரின் போல்ட்டைக் கழற்றினார்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது. நெல்மணியின் கனம்கூட இல்லாத இடைவெளி. அந்த இடைவெளிதான் ஒன்றரை டன் வண்டியைக் குலுக்கி, இரண்டு தலைமுறைகளைச் சண்டைக்கு இழுத்திருந்தது.

மகன் விளக்கை வாங்கித் துளைக்கு அருகில் பிடித்துப் பார்த்தான். துளையின் தேய்ந்த பாகத்தில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. மற்றொரு பகுதி பளபளவென்று இருந்தது. கறுத்த பகுதி பழைய தேய்மானம். வண்டி தகப்பனாரிடம் இருந்தபோதே ஏற்பட்டது. பளபளப்பான பகுதி புதிது. உயர்த்தும்போது அந்தப் போல்ட்டைக் கழற்றி மாட்டிய மகன், அதை உரிய அளவுக்கு முறுக்காததால் வந்தது. பழைய உயரத்தில், பழைய டயரில் இருந்திருந்தால் அந்தச் சிறு தேய்மானம் இன்னும் பல வருஷம் வாய் திறந்திருக்காது. தேய்மானம் இல்லாதிருந்தால் அந்த உயரத்தையும் வண்டி தாங்கியிருக்கும். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு பேர் சொன்னதும் பாதி. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாதம் தொடரவில்லை. கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுவது கஷ்டம் போலும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எழ வேண்டும். "எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் யாருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடாதா? எல்லாம் கோணத்தின் குற்றம், துளையின் குற்றம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் கையைக் கழுவிக்கொள்ளலாமே?" நியாயமான கேள்வி. சூழ்நிலையைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் குறைவல்ல. அயோக்கியத்தனம் என்று ஒன்று இருக்கவே இருக்கிறது. பழுது என்று தெரிந்தே அதை மறைத்து விற்கிறவன் இருக்கிறான். அவனைக் கோணத்தின் பெயரால் மன்னிக்க நான் தயாராக இல்லை.

ஆனால் பாருங்கள்: அந்தத் தகப்பன் மகனுடைய பொறுப்பு, துளையைக் கண்ட பிறகு குறையவில்லை, தெளிவாயிற்று. அதற்கு முன்பு, "உன்னால்தான்" என்ற ஒரு பெரிய, உருவமில்லாத பழி இருந்தது. அதை யாரும் ஏற்கவும் முடியாது, தீர்க்கவும் முடியாது. கண்ட பிறகு பழி சின்னதாகி, செய்யக்கூடிய வேலையாக மாறியது. பழையதைக் கொடுக்கிறவன், அதில் தேய்ந்தது எது என்று பார்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உயர்த்துகிறவன், உயர்த்தியதனால் மாறிய எல்லாவற்றையும் மறுபடி அளந்து பூட்ட வேண்டும். தகப்பனாருக்கு ஒரு கடமை, மகனுக்கு ஒரு கடமை. இரண்டுக்கும் எல்லை உண்டு, முடிவு உண்டு. "யார்" என்ற கேள்விக்கு நேர்மையான விடை, "எங்கே" என்ற கேள்வியின் வழியாகத்தான் கிடைத்தது. நேரே போயிருந்தால் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அந்த இரண்டு பேருடைய சொந்த விவகாரம் அல்ல. நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவனுக்கும் இதில் பங்கு உண்டு. அவன் யாரென்று தெரியாது. அவன் வண்டியிலும் ஒரு குழந்தை பின் ஆசனத்தில் இருக்கலாம். ஆடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு, குற்றம் உன்னுடையதா என்னுடையதா என்று விவாதித்துக்கொண்டிருப்பவர்கள், அந்த முகம் தெரியாதவனுடைய உயிரை வைத்து விவாதிக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது கெட்டிக்காரத்தனம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது அந்நியனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்பது எனக்கு அந்த வேலியோரத்தில் விளங்கிற்று. யார் என்று முதலில் கேட்பதில் உள்ள அதர்மமும் அதுவே. பழி சுமத்திய திருப்தியில் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். ஆட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அவர்கள் அடுத்த வாரம் முழுவதும் வேலை செய்தார்கள். துளையின் இரு புறமும் கனமான வாஷரை வெல்டிங் செய்து வட்டத்தை மீட்டார்கள். புதுப் போல்ட் போட்டு, வண்டி தரையில் தன் கனத்தோடு நிற்கும்போதே உரிய அளவுக்கு முறுக்கினார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிராக் பாரைப் பொருத்தி ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பேரிங்கை மாற்றினார்கள். காஸ்டரை அளந்து திருத்தினார்கள். செரோக்கியில் உயரம் மாறினால் சக்கரங்களின் 'டோ' அளவும் மாறும். அதையும் சரிசெய்து, டயர்களை பாலன்ஸ் செய்தார்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த முறையும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர்கள் தொடவில்லை. ஸ்டீயரிங் பெட்டியின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. ஆட்டம் என்றதும் பலர் அதைத்தான் முறுக்குவார்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதுதான் அது செய்த பாவம். வேறெங்கோ உள்ள தளர்ச்சிக்காக அதை அளவுக்கு மீறி முறுக்கினால், ஸ்டீயரிங் இறுகி, திருப்பிய பிறகு தானாகத் திரும்பாமல் நின்றுவிடும். பெட்டியும் சீக்கிரம் தேய்ந்துபோகும். கைக்கு எட்டுகிறவனைக் கண்டிப்பது என்பது மோட்டார் தொழிலோடு நிற்கிற பழக்கம் அல்ல. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையனும், வீட்டில் கடைசியாக வந்த மருமகளும், ஆபீஸில் கீழ்நிலைக் குமாஸ்தாவும் இந்தத் திருகின் ஜாதி. தளர்ந்தது வேறெங்கோ இருக்கும். முறுக்கப்படுவது அவர்களாக இருப்பார்கள். சில காலம் கழித்து, "இந்தப் பெண் முன்போலப் பேசுவதில்லையே, ஏன் இப்படி இறுகிப்போனாள்?" என்று நாமே வியப்போம்.

மனிதர்கள் இரும்பு அல்ல, தெரியும். இரும்பு பொய் சொல்லாது, மனிதன் சொல்லுவான். துளையின் துருவைப் போல மனத்தின் பழைய காயத்தை விளக்கடித்துப் பார்த்துவிட முடியாது. ஆயினும் அந்தச் சோதனையின் முறை மனிதர்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆட்டத்தை அனுபவிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அடியில் போய்ப் பார்க்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். ஒருவர் மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் மௌனமாகக் கையை வைத்துக் கவனிக்க வேண்டும். கணவன் மனைவிக்குள்ளும், தாய்க்கும் மகளுக்கும் இடையிலும் இது நடக்கலாம். இருவரும் ஆசனத்தில் உட்கார ஆசைப்பட்டால் நடக்காது.

தொடர்கதைகளில் நான் இனியும் வில்லன்களை எழுதத்தான் செய்வேன். பத்திரிகை நடக்க வேண்டுமே. ஆனால் அவர்களை எழுதும்போதெல்லாம், இவன் வருவதற்கு முன்பே இந்தக் குடும்பத்தில் எந்தத் துளை தேய்ந்திருந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். கேட்ட பிறகு சில வில்லன்கள் கொஞ்சம் சிறுத்துப்போகிறார்கள். கதைக்கு அதனால் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.